முப்பத்தேழாவது படம்

— ராமலட்சுமி, நீ வீட்டுக்குப் போய் செத்த நேரம் படு. கம்ப்யூட்டரு தானா ஓடும்னு நீதான சொன்ன.

— ஓடும். ஆனா நான் எந்திரிச்சா நீங்க எதையாவது அமுக்குவீக. போன தடவ அமுக்குனதுல திருச்சுழி மாப்பிள்ளை படத்துல தலைகீழா நின்னாரு.

— அவரு மண்டபத்துலயே அப்படித்தான் நின்னாருன்னு நெனச்சேன்.

— நெனப்பீக, நெனப்பீக. பேசாம உக்காருங்க. பரளச்சி நல்லகண்ணு அண்ணாச்சி, ‘வெள்ளத்துரை தம்பி, மக கல்யாணப் படத்த சாயங்காலம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுத்தான் பஸ் ஏறுவேன்’னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இதுல எடமே இல்ல. எங்க ஏத்த? உங்க தலையிலயா?

— அங்க எடம் இருக்கு. முடிதான் இல்ல.

— சிரிக்காதீக. எந்தம்பி மாதவன் மதுரையில இருந்து பிளாப்பியில கொண்டாந்த புரோகிராமு, ஒவ்வொரு படமா சின்னதாக்கி ஜே.பி.ஜி-யா மாத்திக்கிட்டே போகும். முடிஞ்சதும் பழைய பெரிய படத்த எல்லாம் அழிச்சா எடம் வந்துரும்.

— எல்லாத்தையுமா?

— பெறகு? இந்தா, காரியாபட்டி கல்யாணம் ஓடுது. தாலி கட்டு... பந்தி... ஏங்க, கடைசியா ஒண்ணு போச்சே, அது யாரு?

— மாப்பிள்ளை வீட்டாளு யாராச்சும் இருக்கும்.

— மாப்பிள்ளை வீட்டாளு கையில நம்ம லைட்டு எதுக்கு?

— சும்மா வாங்கிப் பிடிச்சிருப்பாக.

— முடி கலைஞ்சு, வேர்த்து ஊத்தி, பேயறஞ்ச மாதிரி நிக்கிறது நாந்தான?

— கரண்டு போற மாதிரி இருக்கு. நிப்பாட்டிருவமா?

— பேன் நல்லாத்தான் சுத்துது. பொறுங்க... பாலவனத்தம் கல்யாணத்துலயும் கடைசிப் படம் நான். இதுலயும் நான். கஸ்டமர் பிலிம்லயா எம் படத்த எடுத்தீக?

— ஐயையோ, இல்ல தாயீ. ரோலுல முப்பத்தாறுன்னு போட்டுருப்பான். பதனமா மாட்டுனா கூடுதலா ஒண்ணு விழும். முப்பத்தாறும் கல்யாண வீட்டுக்கு. அந்த முப்பத்தேழு யாரு கணக்குலயும் இல்ல.

— அதனால எனக்கு.

— இல்ல. எனக்கு.

— சரி சரி. இதெல்லாம் பிரிண்டு இருக்கா?

— பரண்ல ஒளிச்சு வச்சேன். கரையான் தின்னுருச்சு. என்னைய விட அதுக்கு உம் மேல பிரியம் போல. நெகட்டிவ் எல்லாம் லேப்புல ஸ்கேன் பண்ணி இதுல ஏத்துனதும் கல்யாண வீட்டுக்குப் போயிருச்சு. இப்ப இதுல கெடக்குறதுதான்.

— அதுக்கென்ன, சின்னதாக்குனதுல நான் இருப்பேன்ல?

— இருப்ப. ஆனா கொஞ்சம் தெளிவு கொறையும்னு உந்தம்பி சொன்னான். மாப்பிள்ளை பொண்ணு கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போகட்டும். உம் படத்த மட்டும் பெரிசாவே விட்டுரேன்.

— விடலாம். பெறகு நல்லகண்ணு அண்ணாச்சிக்கு எடம் பத்தாது. அவரு வாசல்ல நின்னு சத்தம் போட்டா பக்கத்துக் கடையெல்லாம் எந்திரிச்சு வரும்.

— வேற எதையாச்சும் அழிக்க முடியாதா?

— ஒண்ணு இருக்கு. கடையில ஆளு இல்லாதப்ப நீங்க ஓட்டுறீகள்ல, அந்தக் கார் ரேஸு. அதத் தூக்குனா தாராளமா எடம் கெடைக்கும்.

— நேத்துத்தான் நாலாவது வந்தேன்.

— நாலு பேரு ஓட்டுற ரேஸுலயா?

— ஆமா. ஆனா மோதாம வந்தேன்.

— சொல்லுங்க. அழிக்கவா, வேண்டாமா?

— அழி... நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

— அழிச்சாச்சு. திரும்புங்க.

— ஒண்ணு மட்டும் கேக்குறேன். இத்தனை வருசம் உனக்குத் தெரியாம எடுத்துருக்கேன். கோவமா?

— இந்தா, அடுத்தடுத்த கல்யாணத்தப் பாருங்க. மண்டபத்துல அவ்வளவு நேரம் லைட்டு பிடிச்சு நிக்கிறவ மொகத்துல ஒரு சொட்டு வேர்வை இருக்கா? காரியாபட்டியில திடீர்னு எம் மூஞ்சியில ஒரு பிளாஷு விழுந்துச்சுல்ல, அதுக்குப் பெறகு நீங்க பிளாஷு அடிக்க அடிக்க நான் எண்ணிக்கிட்டேதான் நிப்பேன். முப்பத்தாறு ஆனதும் முந்தானையில மொகத்தத் தொடச்சு, முடிய ஒதுக்கிட்டு, எங்கிட்டோ பாக்குற மாதிரி நின்னுக்கிருவேன். எனக்குத் தெரியாம நீங்க எடுத்தது அந்தக் காரியாபட்டிப் படம் ஒண்ணுதாங்க.