அசரீரி பேசலை

நேத்து மேடையில அப்படியே ரெண்டு கையையும் தூக்கிண்டு நிக்கறேன், சங்கரிக்கா. மேலேர்ந்து அசரீரி வரணும். வரலை. ஜனங்க மொதல்ல ஆக்டிங்னு நெனச்சுண்டு சும்மா இருந்தா. அப்பறம் யாரோ இருமினா. பின்னாடி வரிசையில சிரிப்பு. நீங்கதான் மிக்ஸர் கிட்ட உக்காந்திருந்தேளே, பாத்திருப்பேள். கொச்சங்காடி குடோன் பூரா நாடகம் பாக்க ஆளு, நடுவுல தமயந்தி வேஷத்துல நான், அவ தப்புப் பண்ணலைன்னு சொல்ல ஒரு ஆள் இல்லை.

சாயா வேண்டாம்க்கா, இப்பத்தான் குடிச்சேன். ஆபீசுக்கு லேட்தான், பரவால்லை. உங்காத்து ரமேஷ்பாபு அண்ணன் மைக் செட் லோடு எடுத்துண்டு எர்ணாகுளம் போயிட்டாரா? நல்லதாப் போச்சு. எனக்கு மைக் வாடகைக்கு விட்ட உங்க கிட்டதான் கேக்கணும்.

வயர் லூஸா? ம். ஷங்கரும் வயர் லூஸுன்னுதான் சொன்னான். இதே வார்த்தை. இல்லைக்கா, சும்மா சொன்னேன். கர்ட்டனுக்குப் பின்னாடி மைக் பிடிச்சுண்டு நின்னானே, அவன்தான் ஷங்கர். எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கற பையனாக்கும். அடுத்த மாசம் கல்யாணம். அசரீரியா அவன் சொல்ல ஒரே ஒரு வரி: இவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவ்வளவுதான்.

கதை தெரியுமோ? நளன் சூதாடி நாட்டைத் தொலைச்சுட்டு, காட்டுல தூங்கிண்டிருக்கற பொண்டாட்டியை விட்டுட்டுப் போறான். அவ புடவையிலேயே பாதியைக் கிழிச்சுக் கட்டிண்டு போறான்க்கா, அந்த தைரியத்தைப் பாருங்கோ. சின்ன வயசுல எங்கிட்ட ஒரு படம் போட்ட புக் இருந்துது. கடைசிப் பக்கத்துல ரெண்டு பேரும் சிரிச்சுண்டு நிப்பா. காலேஜ்ல தடி புக் எடுத்துப் படிச்சப்பறம்தான் தெரிஞ்சுது, அந்தச் சிரிப்புக்கு முன்னாடி வேற ஒண்ணு இருக்குன்னு. ஒளிஞ்சு திரியற புருஷனை வரவழைக்க இவ ரெண்டாம் சுயம்வரம்னு பொய்யா சேதி விடறா. வந்தவன் கேக்கறது என்ன, நன்னா இருக்கியான்னா? நல்ல குடும்பத்துப் பொண்ணு இன்னொரு கல்யாணத்துக்கு நிப்பாளான்னு. விட்டுட்டு ஓடினவன் கேக்கறான்! அவன் ஆரோட எங்க இருந்தான்னு ஒரு ஈ காக்கா கேக்கலை. இவளுக்கு மட்டும் வானத்துலேர்ந்து சாட்சி வரணும்.

இதே கதை கதகளியிலயும் பாத்தேன். தமயந்தி வேஷம் ஒரு ஆம்பளைதான். அவர் அழறார், ஊரே அழறது. நானும் அழுதேன், இல்லைங்கலை. ஆனா, ஆம்பளை பொண்ணா நின்னா என்ன நடிப்புடாங்கறா. பொண்ணு பொண்ணாவே நின்னா, ரிகர்சல் முடிஞ்சு ஆர் பைக்குல போறான்னு பாக்கறா. நிகில் பைக்குலதான் போவேன். அவன்தான் நளன். ஃபோர்ட் கொச்சி போற வழியில என்னை இறக்கி விட்டுட்டுப் போவான், வேற ஒண்ணும் இல்லை. ஷங்கர் அதைப் பத்திக் கேட்டதே இல்லை. அதான் பிரச்னையே. கல்யாணச் சாப்பாட்டு மெனு பேசிண்டே இருப்பான், நடுவுல, நிகிலுக்கு எந்த ஊருன்னு கேப்பான். உடனே பாயசத்துக்குப் போயிடுவான்.

இன்னிக்குக் கார்த்தால அவன் இங்க வந்தானா? கோச்சுக்காதீங்கோ. வயர் லூஸுன்னு உங்களையும் சொல்லச் சொன்னானோன்னு ஒரு சந்தேகம்.

ஏன்னா லூஸ் இல்லைக்கா. அவன் தொண்டையைக் கனைச்சான். என் தலைக்கு மேல ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸுலயும் கேட்டுது. கனைச்சுட்டு சும்மா நின்னான்.

உங்களுக்கும் கேட்டுதா. ம். சரி.

கல்யாணப் பொண்ணு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு வயர் லூஸுன்னு சொன்னேளாக்கும். புரியறது.

வேற ஏற்பாடு இல்லையான்னா? அய்யோ, ஏற்பாடெல்லாம் இருந்துதுக்கா. என் ஃப்ரெண்ட் மகா அந்த வரியைக் கணீர்னு பேசி ரெக்கார்ட் பண்ணிக் குடுத்திருந்தா. ரிகர்சல் பூரா அதைத்தான் போட்டோம். இதோ, இப்பவும் ஃபோன்ல இருக்கு, அமுக்கினாப் பேசும். நேத்து மேடை ஏறப் போற நேரத்துல, ஃபோன் ஹேங் ஆறதுன்னு பொய் சொல்லி, நானேதான் மைக்கை ஷங்கர் கையில குடுத்தேன். சொல்றானான்னு பாக்க.

ஏன்க்கா, நீங்க அண்ணனுக்கு இப்படி ஏதாவது பரீட்சை வெச்சுப் பாத்திருக்கேளா? வெச்சு, அவர் தோத்து, அப்பறமும் கூடவே இருந்திருக்கேளா?