படம் திறக்க வருபவர்

"ஹலோ... ஆமா, வேதநாயகம் சார் ஆபீஸ்தான்... சண்முகவடிவு பேசறேன்... சொல்லுங்க, சிதம்பரநாதன் சார்."

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் இருந்த அந்தச் சின்ன அறையை மூத்த வக்கீல் வேதநாயகத்தோடு, தானும் வக்கீலான அவள் பகிர்ந்துகொண்டிருந்தாள். போன வாரம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது கூப்பிட்டவர் வக்கீல் சங்கச் செயலாளர்.

"ஆமா, ஆமா... இரங்கல் கூட்டம், சாயங்காலம்... நான் பேசறேன் சார். விவசாயிங்களுக்காக அவர் அலைஞ்ச அலைச்சல யாராவது சொல்லணுமே... படமும் திறக்கறீங்களா? சந்தோஷம் சார். யார் திறக்கறாங்க?... யாரு?... லைன் சரியாக் கேக்கல... எந்த மாணிக்கவாசகம்? வேளச்சேரி நெலத்துக்காரரா?"

கதவோரம் உட்கார்ந்திருந்த கெங்கம்மா அந்தப் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றாள். அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுவது அவள் குடும்பம்தான்.

"சார், அவரோடதானே நம்ம சார் கடைசிவரைக்கும் மல்லுக்கட்டினாரு! நிக்கற பயிர்ல மாட்ட விட்டு மேய்ச்சவரு... இவங்கள வெரட்டிட்டு மனை போட்டு விக்கப் பாக்கறவரு... பெரிய மனுஷர்தான், இல்லேங்கல... ஒரு நிமிஷம் சார். இரு கெங்கம்மா, பேசிக்கிட்டுதானே இருக்கேன்... ஆங், சொல்லுங்க... ஆமா, இவங்க கேஸ் இன்னிக்குத்தான் வருது... வாய்தா குடுக்கக் கூடாதுன்னு சொல்லப் போறீங்களா? நீங்க ஏன் சார் சொல்லணும்?... ஓ."

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மாணிக்கவாசகத்துக்கு நீங்கதான் ஆஜராகறீங்களா?... எப்பலேர்ந்து?... சார் போனப்புறமா?"

அவள் இதுவரை நடத்தியதெல்லாம் ஜீவனாம்ச வழக்குகள். நில வழக்கு ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. காலையில் கெங்கம்மா வந்து வழக்கை நடத்தச் சொல்லிக் கேட்டபோது, வேறு பெரிய வக்கீலாகப் பார் என்று சொல்லிவிட்டாள். எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியாமல் கெங்கம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இல்ல சார், இவங்களுக்கு ஆள் இல்லேன்னு யார் சொன்னது?... நான்தான்... ஆமா, நானே... தெரியும் சார், அனுபவம் இல்லதான்... தோத்துப் போனாலும் போவேன்... பயமா? பயமாத்தான் இருக்கு... சங்கத்துல என்ன வேணா பேசிக்கட்டும்... கூட்டத்துக்கு வரல சார். அவர் படத்த அந்தக் கை தொடறதப் பாத்துக்கிட்டு, பக்கத்துல நின்னு அவரப் பத்தி நாலு நல்ல வார்த்தை என்னால பேச முடியாது... கோவமெல்லாம் இல்ல... இல்ல சார், சொல்றதக் கேளுங்க... நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க, கோர்ட்டுக்கு நேரமாச்சு. வெச்சிடறேன்."

ரிசீவரை வைத்தாள். வேதநாயகத்தின் மேசையிலிருந்த கேஸ் கட்டை எடுத்துக் கெங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு, கறுப்பு கவுனைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வா, போலாம். அந்த நெலத்தப் பத்தி உனக்குத் தெரிஞ்சதெல்லாம் நடந்துக்கிட்டே சொல்லு. ஒண்ணையும் விடாத."