சோளகத்தில் ஆளில்லாத கரை

மன்னார்ப் பாலத்தைத் தாண்டிய பஸ்சில், என் முன் இருக்கையில் காலி மீன்பெட்டியோடு இருந்தவர் பக்கத்து இருக்கை விவசாயியிடம் சொன்னார்:

“எங்கட தென்கரையில மனிசரே இல்லையாம், அண்ணை. காற்றாலைக்கு இடம் பாக்க வந்தவை எழுதிப்போட்டினம்.”

“எப்ப வந்தவை?”

“ஆடியில. சோளகக் காத்து அடிக்கத் தென்கரையில வள்ளம் இறக்கேலாது. மீன்வாடிக் கொட்டிலைக் கழட்டிக்கொண்டு வடகரைக்குப் போயிட்டம். பாட்டன் காலம் துவக்கம் காத்து மாறக் கரை மாறுறனாங்கள்.”

“அது அவைக்குத் தெரியாதோ?”

“காத்து எங்க பலமா அடிக்குதெண்டு தெரியும். அது அடிச்சா நாங்கள் அங்க நிக்கமாட்டமெண்டுதான் தெரியாது.”

“கந்தோருக்குப் போய்ச் சொல்லுறதுதானே?”

“சொன்னம். ‘வாடைக் காத்து தொடங்க வந்து பாருங்கோ, கரை முழுக்க நாங்கள்தான்’ எண்டம். ‘அப்ப மழைவெள்ளம், எங்கட வாகனம் வராது’ எண்டினம்.”

விவசாயி சிரித்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அறுவடை முடிந்த வயல்களில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வேறு யாரும் இல்லை. அவருடைய சிரிப்பு நின்றது.

“கட்டுக்கரைக் குளத்துத் தண்ணி திறந்துவிடுமட்டும் எங்கட வயலும் இப்பிடித்தானே கிடக்கும்,” என்றார்.

நறுவிலிக்குளத்தில் இறங்குவதற்கு முன் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

“இஞ்சரப்பா, ஒரு கதிரையைக் கொண்டுபோய் வயலுக்கு நடுவில போட்டு இரும். ஒரு வேலையும் செய்ய வேண்டாம். ரோட்டில போறவைக்கு ஆள் இருக்கிறது தெரிஞ்சாக் காணும்.”