காது போனதுக்கு ஒரு மாலை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் என் பின் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் பூமாலை.

“எங்க வீட்டு அவியளுக்கு ஒரு காது போச்சுல்லா மதினி, அதுக்குத்தான் ஆண்டாளுக்கு மாலை.”

“ஏட்டி, கிறுக்கா ஒனக்கு?”

“குண்டு வெடிச்சதுல தலைக்கு வந்தது காதோட போச்சே!”

“தப்புப் பண்ணுனாருன்னு பட்டாளத்துலருந்து தொரத்திட்டாகன்னுல்ல ஊர்ல பேசுதாக?”

“தொரத்துனா பென்ஷன் ஏது? இது மெடிக்கல் போர்டு மதினி. உடம்புக்கு ஏலலைன்னு மரியாதையா அனுப்பி வச்சது.”

மதினி எழுந்து போய், பஸ்ஸின் முன் சீட்டிலிருந்த, மாலை வைத்திருந்தவளின் வீட்டுக்காரர் காதருகே குனிந்து கத்தினாள். “தம்பி, மரியாதையாத்தான் வந்திருக்கீக! தெரியாமப் பேசிட்டோம்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“இந்தக் காது நல்லாக் கேக்கும்க்கா, மெதுவாச் சொல்லுங்க.”

“வேண்டாம் மதினி, இன்னும் சத்தமாச் சொல்லுங்க,” என்றாள் மனைவி. “நம்மூர்க்காரங்க பாதிப்பேரு இந்த பஸ்ஸுலதான் இருக்காக.”