பகடையை மறைக்காதே, அண்ணா

கிழக்கேகோட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அண்ணனும், கல்லூரிக்குப் போகும் அவன் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நேத்திக்கு நான் செத்திருக்கணும், இல்லியா அண்ணா?” என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

எனக்கும் அந்த வயதில் ஒரு மகள். காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தேன்.

அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த விளையாட்டு என்று பிறகுதான் புரிந்தது. அண்ணன் கதையை நடத்துவான். மற்றவர்கள் அதில் வீரர்கள். பிழைப்பதும் சாவதும் பகடையில்.

“புஸ்தகத்துக்குப் பின்னால மறைச்சு உருட்டி, விழுந்த எண்ணை மாத்திச் சொல்றே. தங்கைன்னு பாவம் பார்த்தியா?”

“நீ கிணத்துல விழுந்தப்போ பார்த்தேன். செத்தா அழுவியேன்னு.”

“அழுதா என்ன? வேற ஆளா வந்து ஆடமாட்டேனா? அப்போ அரக்கனைக் கொன்னதும் நீதான், அல்லே?”

“அந்த எண்ணை நான் தொடலைடி, சத்தியமா. நீதான் கொன்னே. அவன் செத்தா மேல சொல்ல எங்கிட்டக் கதையே இல்லை.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அதான் அவன் செத்ததும் காப்பி குடிக்கணும்னு எழுந்து ஓடினியா?”

“பின்னே?”

“இனி எல்லார் முன்னாலயும் உருட்டு. நான் செத்தாலும் சரி.”