அப்பா அங்க வந்தாரா?

மகள்: போனை வெச்சிடாதே... ப்ளீஸ். சண்டை போடக் கூப்பிடல.

மெக்கானிக்: நான் எங்க வெச்சேன்? கையெல்லாம் கிரீஸ். இரு, ஸ்பீக்கர்ல போடுறேன்... ம், சொல்லு.

மகள்: அப்பா அங்க வந்தாரா?

மெக்கானிக்: ...யாரு?

மகள்: அப்பா! எங்கப்பா! வீட்ல ஆளைக் காணோம்.

மெக்கானிக்: இங்க எதுக்கு வரப்போறார்? என் கடைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டாரே.

மகள்: தெரியும். எல்லாரையும் கேட்டாச்சு. கடைசியா உன்னையும் கேட்டுடலாம்னு...

மெக்கானிக்: கடைசியா நான். சரிதான்.

மகள்: குத்திக்காட்டுற நேரமா இது?... இதோ வரேம்மா! அந்த நீலப் பெட்டியைத் தொடாதீங்க, கிரீம் இன்னும் இறுகல!... டிசம்பர் வந்தா ஊருக்கே கேக் பைத்தியம் பிடிச்சிடுது. முதலாளியம்மா முறைக்கிறாங்கன்னு முட்டை அட்டைக்கு நடுவுல ஒளிஞ்சு நின்னு பேசுறேன்.

மெக்கானிக்: பதறாம சொல்லு. எப்பலேருந்து காணோம்?

மகள்: பக்கத்து வீட்டக்கா மத்தியானம் கண்ணுல சொட்டு மருந்து விடப் போயிருக்காங்க. வீடு பூட்டிக் கிடக்கு. செருப்பும் இல்ல.

மெக்கானிக்: பூட்டிட்டுத்தானே போயிருக்கார்? அப்ப நிதானமாத்தான்...

மகள்: உனக்கென்ன தெரியும்? கண் ஆபரேஷன் முடிஞ்சு கட்டு அவுத்தும் எல்லாம் வெறும் நிழலாத்தான் தெரியுதுங்கிறார். நான் கையைப் பிடிச்சாத்தான் பாத்ரூமுக்கே போவார். "ஆபரேஷன் நல்லாத்தானே நடந்துச்சு"ன்னு டாக்டரே குழம்பிட்டார். இன்னிக்குச் சாயங்காலம் பெரிய டாக்டர்கிட்ட காட்டணும். மறுபடியும் கத்தி வைக்கணும்னாலும் வைப்பாங்களாம்.

மெக்கானிக்: ஓ... அப்படியா சங்கதி.

மகள்: என்ன 'ஓ'?

மெக்கானிக்: ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

மகள்: எங்கக்கா வேற... அவ பொண்ணுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா. "நீ வரலன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்"கிறா. அவகிட்டப் போயி அப்பாவைக் காணோம்னு எப்படிச் சொல்றது? நல்லாத் தூங்குறார்னு சொல்லிட்டேன்... அங்க யாரு இருமுறது?

மெக்கானிக்: கஸ்டமர். வாஷிங் மெஷின் விஷயமா வந்திருக்கார்.

மகள்: அப்பா இருமுற மாதிரியே...

மெக்கானிக்: பனி விழுதுல்ல? ஊரே ஒரே மாதிரிதான் இருமுது.

மகள்: ரோடு தாண்டும்போது எவனாவது வண்டியில வந்து... ஐயோ, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

மெக்கானிக்: வாலு...

மகள்: அப்படிக் கூப்பிடாதே.

மெக்கானிக்: அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நான் சொல்றேன்ல?

மகள்: நீ எப்படிச் சொல்வே? நீ என்ன கூடவா இருக்கே?

மெக்கானிக்: ...சரி. ஒண்ணே ஒண்ணு கேட்கவா? "உன்னைப் பிடிக்கல, இனிமே வராதே"ன்னு சொன்னியே. நான் அப்படி என்ன பண்ணேன்?

மகள்: இதைக் கேட்க இப்பதான் நேரம் கிடைச்சுதா உனக்கு?

மெக்கானிக்: இப்ப விட்டா நீ போனை எடுக்க மாட்டே.

மகள்: ...நீ ஒண்ணும் பண்ணல.

மெக்கானிக்: பின்னே?

மகள்: கல்யாணத்துக்கு நாள் பார்க்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னே. நான் வந்துட்டா அவரை யார் பார்த்துப்பா? நம்ம கூட வந்து இருங்கன்னா, உன் பேரை எடுத்ததுமே தட்டை விட்டு எழுந்துடுறார். காத்திருன்னு சொன்னா நீ காத்திருப்பே, மாட்டேன்னா சொல்வே? எத்தனை வருஷம்? உனக்கும் தலை நரைச்சிடும்... அதான் பிடிக்கலன்னு சொன்னா நீயே போயிடுவேன்னு...

மெக்கானிக்: போகலயே நான்.

மகள்: பிடிக்காமயா உன் நம்பரை அழிச்சும் விரல் தானா அழுத்துது?... அதை விடு. எங்கப்பாவை மட்டும் எப்படியாவது கண்டுபிடிச்சுக் கொடு. வேற எதுவும் வேணாம் எனக்கு.

மெக்கானிக்: பெரியவரே, போதும். இதுக்கு மேல என்னால முடியாது. நீங்களே பேசுங்க.

மகள்: யார்கிட்டப் பேசுறே?

அப்பா: ...அம்மாடி.

மகள்: அப்பா!

அப்பா: அவனைத் திட்டாதே. நான்தான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சைகை காட்டினேன். டீ வாங்கிக் கொடுத்தான். கெட்டவன் மாதிரித் தெரியல.

மகள்: இங்க எனக்கு உயிரே போயிடுச்சு! நீங்க டீ குடிச்சிட்டு... இருங்க, நான் பேசினது எல்லாத்தையும் கேட்டுட்டா இருந்தீங்க?

அப்பா: கேட்கத்தானே வந்தேன். ஏன்டா என் பொண்ணோட பேசறதில்லன்னு இவனைக் கேட்டேன். இவனுக்கே காரணம் தெரியல. இப்ப நீதான் சொன்னே.

மகள்: சரி... உங்களை யாரு அங்க கூட்டிட்டு வந்தா?

அப்பா: பஸ்ல வந்தேன்.

மகள்: பஸ்லயா? தனியாவா? அங்க போறதுக்கு நடுவுல இறங்கி மாறணுமே! பஸ் நம்பரை யாரு பார்த்துச் சொன்னா?

அப்பா: இந்த டீ வேற ஆறிப் போச்சு...

மகள்: அப்பா? உங்களைத்தான் கேட்கிறேன்.

அப்பா: யாரும் சொல்லலம்மா... நானே பார்த்தேன். கட்டு அவுத்த அன்னிக்கே எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. சொன்னா நீ போயிடுவியோன்னு பயம்... அப்படியே இருந்துட்டேன். ஆனா, எனக்குச் சோத்தைப் போட்டுட்டு, இவருக்கு எங்க தெரியப்போகுதுன்னு எதிர்லயே உட்கார்ந்து சத்தமில்லாம அழுவே பாரு... அதையும் தினம் பார்த்துட்டுத்தாம்மா சாப்பிட்டேன்.