மனுதாரர் உயிரோடுதான் இருக்கிறார்

"ஹலோ... ஆமாங்க, பொங்கியண்ணன் வக்கீல் ஆபீஸுங்க... நஞ்சப்பன்தானுங்க பேசறேன்... ஓ, மகுடேஸ்வரன் சாருங்களா! வணக்கமுங்க, வணக்கமுங்க... இல்லீங்க, கோர்ட்டுக்குத்தான் கெளம்பிட்டிருந்தேன். கதவைப் பூட்டப் போனேன், மணி அடிச்சுது... பரவால்லீங்க, சொல்லுங்க."

நஞ்சப்பன் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த வழக்குக் கட்டை மேசைமேல் வைத்தார். இருபத்தாறு வருடமாக அந்த மாடி அறையில் அவர்தான் குமாஸ்தா. வக்கீல் பொங்கியண்ணன் போய்ச் சேர்ந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவருடைய நாற்காலியை ஒதுக்கவும் மனம் வரவில்லை, அதில் உட்காரவும் மனம் வரவில்லை. நின்றபடியே பேசினார்.

"படமுங்களா?... ஓ, படத்திறப்பு... ஞாயித்துக்கிழமையே வெச்சுட்டீங்களா, சங்கத்துலயே... நல்லதுங்க, ரொம்ப சந்தோசமுங்க. ஐயா இருந்தவரைக்கும் சங்கத்துல அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்க ஆளில்ல... இல்லீங்க இல்லீங்க, உங்களைச் சொல்லலீங்க. பொதுவாச் சொன்னனுங்க."

மகுடேஸ்வரன் வக்கீல் சங்கத்தின் செயலாளர். ஆறு வருடத்துக்கு முன்பு இதே அறையில், சுவரோர மேசையில், பொங்கியண்ணனிடம் ஜூனியராக இருந்தவர்.

"நல்ல படம்னா... ஐயா எங்கீங்க படம் புடிக்க நின்னாரு? ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க. பக்கத்துல ஒரு காளை நிக்குது... அதை மட்டும் வெட்டிட்டா?... வெட்டலாமுங்க. ஆனா ஐயா கை அது கழுத்து மேல இருக்குதுங்களே. காளையை வெட்டினா கையும் போயிருமுங்க..."

"அடியில எழுதறதுக்கா?... முன்னோடி... ஆமாங்க, முன்னோடின்னே போடுங்க. மிருகங்களுக்கும் சட்டத்துல உரிமை இருக்குதுன்னு நம்ம பக்கத்துல மொத மொதல்ல கோர்ட்டுல எந்திரிச்சு நின்னவர் அவர்தானுங்களே... 'மாட்டு வக்கீல்'னு கேன்டீன்ல சிரிச்சாங்க, அதை மட்டும் போட்றாதீங்க... ஆமாங்க... ஆமாங்க... சார், ஒரு நிமிசம். நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

அவர் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். நேற்றிலிருந்து ஏழு வக்கீல்களிடம் சொன்ன அதே பேச்சை எட்டாவது முறையாகத் தொடங்க வேண்டியிருந்தது.

"இன்னைக்கு ரெண்டரைக்கு நம்ம காளைக் கேஸு இருக்குதுங்க. உங்களுக்குத் தெரியாததா..."

மகுடேஸ்வரனுக்குத் தெரியாததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு பிளீச்சிங் பட்டறையில் நான்கு காளைகளைப் பொங்கியண்ணன் பார்த்தார். வெளுத்த துணியை ஈரத்தோடு வண்டியில் ஏற்றிக் காயப்போடும் களத்துக்கு இழுப்பது அவற்றின் வேலை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை பிளீச்சிங் தண்ணீரிலேயே நின்று நின்று குளம்புகள் ஊறி, அடுக்கடுக்காகக் கழன்றுகொண்டிருந்தன. பட்டறைக்காரர் மேல் பொங்கியண்ணன் வழக்குப் போட்டார். வழக்கு முடியும் வரை காளைகள் பொங்கியண்ணன் பொறுப்பில் இருக்கலாம் என்று கோர்ட் சொன்னது. ஊரை ஒட்டிய மண்ணரையில் ராமுத்தாய் என்றொரு பெண், தேனிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள், தன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட இடம் கொடுத்தாள். கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் தினமும் நான்கு காளைகளின் பதினாறு கால்களுக்கும் வேப்பெண்ணெய் போட்டு, வேஸ்ட் பனியன் துணியால் கட்டுவாள்.

"...அதேதானுங்க. மனுதாரர் இறந்துட்டாரு, இனி மனு செல்லாதுன்னு எதிர்த்தரப்புல பெட்டிசன் போட்டிருக்குது... ஆமாங்க, சட்டம் அப்படித்தானுங்க, நான் இல்லைங்கல. ஆனா ஐயா மொதல்ல என்னுங்க பண்ணினாரு? காளை பேருலதானுங்களே மனுவே எழுதினாரு. மறந்துட்டீங்களா? மனுதாரர், மயிலைக் காளை. வயசு சுமார் ஏழு. தொழில், வண்டி இழுத்தல்... ம்ம்... ம்ம். வக்காலத்துல யாருய்யா கையெழுத்துப் போடுவாங்கன்னு கோர்ட் ஆபீஸுல கேட்டதுக்கு, ஸ்டாம்ப் பேடைக் கொண்டான்னாரு. நான் பேடைப் புடிச்சேன். நீங்களும் அன்னைக்கு ஐயாவைப் பாக்க வந்திருந்தீங்க, நீங்கதானுங்க மாட்டுக் காலைப் புடிச்சீங்க. உங்க பேண்ட் பூரா ஊதா மை..."

நஞ்சப்பன் சிரித்தார். எதிர்முனையிலும் மூச்சில் ஒரு சிரிப்பு கேட்டது போலிருந்தது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அவர் வேகமாகப் பேசினார்.

"கோர்ட்டே சிரிச்சுதுங்க அன்னைக்கு. ஐயா மட்டும் சிரிக்கல. மாட்டை மனுதாரரா ஏத்துக்க முடியாதுன்னு திருப்பிட்டாங்க. சரி, என் பேருல போடறேன்னு போட்டாரு. இப்பப் பாருங்க, அதுதானுங்க வெனையாப் போச்சு. மாடு பேருலயே இருந்திருந்தா இன்னைக்குக் கேஸு சாகுமுங்களா? மனுதாரர் உசுரோடதானுங்க இருக்குது. மண்ணரையில வைக்கப்புல்லு தின்னுட்டு நிக்குது..."

"இல்லீங்க... இல்லீங்க, நீங்க வாதாடவே வேண்டாமுங்க. ஐயாவுக்குப் பதிலா நான் மனுதாரரா வர்றேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, கையிலயே வெச்சிருக்கறேன். ஒரு வக்கீல் எந்திரிச்சு அதைக் குடுத்து ஒரு வாய்தா கேட்டாப் போதுமுங்க... ஏழு பேரைக் கேட்டனுங்க. எல்லாருக்கும் பட்டறைக்காரங்கதானே கட்சிக்காரங்க. ஒருத்தரு தலைவலிங்கறாரு, ஒருத்தரு கோயமுத்தூருங்கறாரு. நீங்க ஐயாகிட்ட இருந்தவருங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன் சாமி. அஞ்சே நிமிசம்..."

"...ஹலோ?... இருக்கீங்களா?... என்னுங்க?... சத்தமாச் சொல்லுங்க சார், கீழ பனியன் தைக்கற ஓவர்லாக் மெசின் ஓடுது, ஒண்ணும் கேக்கமாட்டேங்குது..."

நஞ்சப்பன் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"ம்ம், சொல்லுங்க... ரெண்டரைக்குங்க. நான்தானே குறிச்சு வெச்சேன்... காலைலயா?... எப்பிடீங்க காலைல?... பத்தரைக்கே கூப்புட்டாங்களா... யாருமே வரலைன்னு... அதெப்பிடீங்க வருவாங்க, ரெண்டரைன்னுதானே எல்லாருக்கும்... ம்ம்... ம்ம்..."

"முடிஞ்சுதுங்களா."

 பொங்கியண்ணனின் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"...சரிங்க. தள்ளுபடின்னா தள்ளுபடிங்க... இல்லீங்க, நான் பதட்டப்படல... சார், நீங்க எப்பிடீங்க அந்நேரத்துக்கு அந்தக் கோர்ட்டுல? உங்க கேஸெல்லாம் சப்கோர்ட்டுலதானுங்களே..."

"...யாருக்குங்க ஆஜரானீங்க?"

 எதிர்முனையில் பஸ் ஹாரன் ஒன்று நீளமாகக் கேட்டது. பிறகு மகுடேஸ்வரன் நிறையப் பேசினார். நஞ்சப்பன் கேட்டுக்கொண்டே நின்றார். ஜூனியராக இருந்த காலத்தில் இந்தப் பையனுக்கு மனு எழுதச் சொல்லிக் கொடுத்ததில் பாதி அவர். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவான் என்பது அவருக்கு மனப்பாடம்.

"...புரியுதுங்க... பட்டறைக்காரங்கதான் உங்களுக்கு ஆபீஸே வெச்சுக் குடுத்தாங்க, தெரியுமுங்க... நீங்க இல்லைன்னா வேற ஒருத்தர், ஆமாங்க... நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஐயா இருந்தாலும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாருங்க. அவருக்குத் தோத்துத் தோத்துப் பழக்கமுங்க. எனக்குத்தான் பழகலைங்க..."

"சரி, விடுங்க. அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உத்தரவு காப்பி வர எப்படியும் பத்து நாளாகுமுங்களே. அதுவரைக்கும் காளைங்க ராமுத்தாய்கிட்டயேதான இருக்கும்? நான் அதுக்குள்ள மெட்ராஸுக்குப் போயி, அங்க யார் காலையாச்சும் புடிச்சு ஒரு ஸ்டே... ஏனுங்க?... கெடைச்சுதா? அரை மணி நேரத்துலயா?... சார், நாங்க ஒரு காப்பிக்கு இருபது நாள் நடப்பமுங்களே..."

"...காளைங்களை எடுத்தாச்சா."

"...எப்பங்க?... பதினொன்னே காலுக்கா... ராமுத்தாய் இன்னைக்குக் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாளே, விட்டாளா?... அழுதாளா... வாசல் நிலையில குறுக்க நின்னாளா... போலீஸா... பொம்பளைப் போலீஸ் கூட்டிட்டுப் போனீங்களா... நீங்களுமா போனீங்க?... ம்ம்... ம்ம், உத்தரவைப் படிச்சுக் காட்டறதுக்கு. ஆமாங்க, அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்க."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. வழக்குக் கட்டைப் பிரித்துத் தன் மனுவை வெளியே எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் உள்ளேயே வைத்தார்.

"அப்பப் பட்டறையிலதானுங்களே இருக்கும்? நான் இப்பவே போயி மொதலாளியைப் பாக்கறனுங்க. அவரும் நம்மூருக்காரருதானே. நான் பேசிப் பாக்கறேன். வெலைக்குக் குடுப்பாருன்னா கூட... இல்லைங்களா?... பட்டறைக்கே வரலைங்களா?... என்ன லாரிங்க?"

"...வேலைக்கு ஆகாதுன்னு அடிமாட்டுக்குக் குடுத்துட்டாங்களா... ஆமாங்க, ஆகாதுதானுங்க! ஆகாது, ஆகாதுன்னுதானே ரெண்டு வருசமா ஐயா கத்துனாரு!... இல்லீங்க, கத்தலீங்க... மன்னிச்சுக்கங்க... எந்தப் பக்கமுங்க போச்சு? உடுமலை ரோடா?... இந்நேரம் உடுமலையைத் தாண்டியிருக்குமே... லாரி நம்பர் சொல்லுங்க சார். செக்போஸ்ட்ல எனக்கு ஒருத்தரைத் தெரியும், நிறுத்தச் சொல்றேன்... பாக்கலைங்களா... நெசமாவே பாக்கலைங்களா... கேரளா வண்டியா, நம்ம வண்டியா, அதாச்சும்..."

 நஞ்சப்பன் எழுதத் தயாராக எடுத்த பேனாவை மூடினார். செக்போஸ்டில் அந்த ஆள் இருந்தாலும், கோர்ட் உத்தரவோடு போகும் வண்டியை எதற்காக நிறுத்துவான்? அவரவர் பொருளை அவரவர் விற்கிறார்கள். காகிதமெல்லாம் சரியாக இருக்கும். அந்தக் காகிதத்தை எழுதிய கையை அவருக்குத் தெரியும்.

"...படமா?... சார், அதை இப்பப் பேச வேண்டாமுங்க... இல்லீங்க, கோவமெல்லாம் இல்லீங்க. நீங்க வைக்காதீங்க, ஒரே ஒரு விசயம். அந்தச் சின்னக் காளை... செவலை. அது அஞ்சு நாளா எந்திரிக்கவே இல்லீங்களே. பின்னங்கால் ரெண்டுலயும் நெகமே இல்ல. ராமுத்தாய் பக்கெட்டுலதானுங்களே வாய்க்குத் தண்ணி கொண்டு வெச்சிட்டிருந்தா... ம்ம்... நாலையும் ஏத்திட்டாங்களா?... செவலையையுமா?"

"...நடந்தா ஏறுச்சு?"

"...சார்?"

"...எப்பிடீங்க ஏத்துனாங்க?... சொல்லுங்க மகுடேஸ்வரன். நீங்க அங்கதானே நின்னீங்க. கயித்தைப் போட்டா... வாலையா... ஹலோ... எப்பிடி ஏத்துனாங்கன்னு மட்டும் சொல்லிட்டு வைய்யி கண்ணு... ஹலோ... ஹலோ..."

லைன் அறுந்திருந்தது. நஞ்சப்பன் அந்த எண்ணுக்குத் திரும்பப் போட்டார். இரண்டு முறை முழுதாக மணி போயிற்று. மூன்றாம் முறை செல்போன் அணைக்கப்பட்டிருந்தது. மண்ணரையில் ராமுத்தாய் பார்த்திருப்பாள், அவளைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். போனவர், அதை அவள் வாயால் சொல்லவைக்க முடியாதென்று அங்கேயே நின்றுவிட்டார்.